ஞானத்தைத் தேடுவது: விசுவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும் தனிப்பட்ட உரையாடல்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் பலரும் மனப்பாடமாக அறிந்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டிருக்கின்றன.

ஞானமும் அறிவும் ஒன்றுதானா?

இல்லை. அறிவு நிறைய இருந்தும் ஞானம் இல்லாமல் போகலாம். யோபுவின் மூன்று நண்பர்களைப் பாருங்கள். தேவன் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, அவரிடம் திரும்புகிறவனுக்கு இரக்கம் உண்டு என்றெல்லாம் அவர்கள் பேசினார்கள். தனியே எடுத்துப் படித்தால் அதில் பெரும்பகுதியைக் குறை சொல்ல முடியாது. எலிப்பாஸ் சொன்ன ஒரு வரியைப் பவுலே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் மேற்கோள் காட்டுகிறார். ஆனாலும் புத்தகத்தின் முடிவில் கர்த்தர் எலிப்பாசிடம், நீங்கள் என்னைக் குறித்து நிதானமானதை, அதாவது சரியானதைப் பேசவில்லை என்று கோபத்தோடு சொல்கிறார்.

எங்கே தவறினார்கள்? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருந்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததனால்தான் இப்படி நடந்திருக்கும் என்ற தொனியில் பில்தாத் பேசினார். வாய் திறப்பதற்கு முன்பு அவர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள்களில்தான் அவர்கள் ஞானிகளாக இருந்தார்கள் என்பது என் எண்ணம்.

தெரிந்த உண்மையை யாரிடம், எந்த நேரத்தில், எந்த மனதோடு சொல்வது. எதைச் சொல்லாமல் விடுவது. தெரிந்தபடி வாழ்வது எப்படி. இவையெல்லாம் சேர்ந்ததைத்தான் வேதாகமம் ஞானம் என்கிறது.

விசுவாசம் இருந்தால் போதாதா? ஞானத்தை ஏன் தனியாகத் தேட வேண்டும்?

இரட்சிப்பு ஞானத்தினால் சம்பாதிக்கப்படுவதல்ல. அதில் குழப்பம் வேண்டாம். ஆனால் விசுவாசித்தவர் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும், கோபக்கார மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும், கடன் கேட்கும் உறவினரிடம் ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல வேண்டும். இவற்றில் எதற்கும் நேரடியான கட்டளை கிடையாது. பத்துக் கட்டளைகளில் ஒன்றையும் மீறாமலேயே ஒருவர் தன் குடும்பத்தைக் கசப்பால் நிரப்பிவிட முடியும்.

பவுல் பிலிப்பியருக்காக ஜெபிக்கும்போது, அவர்களுடைய அன்பு அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டும் என்று கேட்கிறார். அன்பு இருந்தும் அறியாமையால் காயப்படுத்துகிறவர்களை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். “ஞானமே முக்கியம், ஞானத்தைச் சம்பாதி, என்னத்தைச் சம்பாதித்தாலும் புத்தியைச் சம்பாதித்துக்கொள்” என்று நீதிமொழிகள் 4:7 இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நல்ல மனம் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் எளிதில் நம்பிவிடுவதுதான்.

“கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்” என்றால் நடுங்கிக்கொண்டு வாழ வேண்டுமா?

அந்த வசனத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். நீதிமொழிகள் 1:7 முழுவதும் இப்படி வருகிறது: “கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம், மூடர் ஞானத்தையும் போதகத்தையும் அசட்டைபண்ணுகிறார்கள்.” பயப்படுகிறவனுக்கு எதிர்ப்பக்கத்தில் யார் நிறுத்தப்பட்டிருக்கிறான்? தைரியசாலி அல்ல, போதனையை அசட்டை செய்கிறவன். ஆக இந்தப் பயத்தின் அடையாளம் நடுக்கமல்ல. எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவர் சொல்வதை நான் கேட்க வேண்டும், நான் தவறாக இருக்கலாம் என்ற பணிவு.

நீதிமொழிகள் முழுவதும் ஞானியையும் மூடனையும் பிரிக்கும் கோடு மூளையின் கூர்மையைப் பொறுத்தது அல்ல. கண்டிக்கப்படும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அந்தக் கோடு விழுகிறது. பரியாசக்காரனைக் கண்டித்தால் அவன் பகைப்பான், ஞானியைக் கண்டித்தால் அவன் நேசிப்பான் என்கிறது 9:8. இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டால் அந்தப் புத்தகத்தின் பாதிக் கதவுகள் திறந்துவிடும்.

சாலொமோன் ஞானத்தைக் கேட்டார், பெற்றார். பிறகு ஏன் வீழ்ந்தார்?

கிபியோனில் ஒரு இராத்திரி கர்த்தர் சொப்பனத்தில் தோன்றி, விரும்புவதைக் கேள் என்றபோது, இளம் ராஜாவாகிய சாலொமோன் தன்னைப் போக்குவரவு அறியாத சிறுபிள்ளை என்று சொன்னார். நீண்ட ஆயுளையோ செல்வத்தையோ கேட்காமல், ஜனங்களை நியாயம் விசாரிக்க ஞானமுள்ள இருதயத்தைக் கேட்டார். உடனே அடுத்து வருவது ஒரு குழந்தைக்காக வழக்காடிய இரண்டு பெண்களின் கதை. இருவரும் வேசிகள், சாட்சி இல்லை, அரண்மனையில் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. பெற்ற ஞானத்தின் முதல் பயன் அப்படிப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

அதே சாலொமோன் மூவாயிரம் நீதிமொழிகளைச் சொன்னார், அவருடைய பாட்டுகள் ஆயிரத்து ஐந்து என்று 1 இராஜாக்கள் 4 கணக்குச் சொல்கிறது. பதினோராம் அதிகாரமோ வேறு கணக்கைச் சொல்கிறது: எழுநூறு மனையாட்டிகள், முந்நூறு மறுமனையாட்டிகள், அவர்கள் இழுத்த பக்கம் சாய்ந்த இருதயம். ராஜா அநேக மனைவிகளை வைத்துக்கொள்ளக் கூடாது, நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்காக எழுதி உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்று உபாகமம் 17 ஏற்கெனவே சொல்லியிருந்தது. கர்த்தர் இரண்டுமுறை தரிசனமாகியும் சாலொமோன் கேட்கவில்லை என்று வேதாகமம் வருத்தத்தோடு பதிவு செய்கிறது.

ஞானம் ஒருமுறை பெற்று அலமாரியில் வைத்துக்கொள்ளும் பட்டம் அல்ல. “எனக்குத் தெரியாது” என்று சொன்ன ராஜா பெற்றுக்கொண்டார். யாரும் எதுவும் சொல்ல முடியாத உயரத்துக்குப் போன ராஜா இழந்தார். ஆண்டுக்கணக்கில் ஊழியத்தில் இருப்பவர்கள் 1 இராஜாக்கள் 11-ஐ ஆண்டுக்கு ஒருமுறையாவது வாசிப்பது நல்லது.

ஜெபித்தால் போதுமா, முயற்சியும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும். நீதிமொழிகள் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் மூன்று நான்கு வசனங்களுக்குள்ளேயே இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஞானத்தை வா என்று கூப்பிடு, வெள்ளியைப்போல் நாடு, புதையலைப்போல் தேடு என்று சொல்லிவிட்டு, கர்த்தர் ஞானத்தைத் தருகிறார் என்று முடிக்கிறது. தேடுகிறவனுக்குக் கிடைப்பதும் கொடை என்பதில் அந்த ஆசிரியருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. தானியேலும் அவருடைய நண்பர்களும் பாபிலோனில் மூன்று வருடப் பயிற்சிக்கு உட்பட்டு கல்தேயருடைய எழுத்தையும் மொழியையும் கற்றார்கள். ஆனாலும் அவர்களுடைய அறிவைத் தேவன் கொடுத்ததாகவே வேதாகமம் சொல்கிறது.

யாக்கோபு 1:5-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஞானத்தில் குறைவுள்ளவன் “யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய” தேவனிடத்தில் கேட்கட்டும் என்ற இந்த வசனத்தைத் தேர்வுக்கு முன்பு மாணவர்கள் சொல்லி ஜெபிப்பது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் இதற்கு முந்தைய மூன்று வசனங்களும் சோதனையையும் பொறுமையையும் பற்றியவை. துன்பத்துக்குள் இருப்பவர், இதில் எப்படி நடந்துகொள்வது என்று புரியாமல் திகைக்கும்போது கேட்க வேண்டிய ஜெபம் இது. கேட்கிறவரைத் தேவன் கடிந்துகொள்வதில்லை. இது கூடத் தெரியாதா, இத்தனை வருட விசுவாசத்துக்குப் பிறகுமா என்று அவர் கேட்பதில்லை. வெட்கத்தினால் கேட்காமல் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

நீதிமொழிகள் சொல்வதெல்லாம் அப்படியே நடக்கும் வாக்குத்தத்தங்களா?

அல்ல. அப்படி வாசிப்பதால் பலர் தேவையில்லாமல் நொறுங்கிப்போகிறார்கள். “பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து; அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்” என்ற 22:6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மகனோ மகளோ விசுவாசத்தை விட்டுப் போய்விட்டால், பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இந்த வசனத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சரியாக வளர்த்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று வாய்விட்டே கேட்டுவிடுகிறார்கள். ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் கர்த்தரே, நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாய்க் கலகம் பண்ணினார்கள் என்று சொல்லும்போது, எந்தத் தாய் தகப்பனிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.

நீதிமொழி என்பது வாழ்க்கை பொதுவாக எப்படி ஓடுகிறது என்று கவனித்துச் சொன்னது. அதை எங்கே பொருத்துவது என்பதற்கும் ஞானம் வேண்டும். இதை அந்தப் புத்தகமே காட்டிக்கொடுக்கிறது. 26:4, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே, மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடு என்கிறது. தொகுத்தவர்கள் கவனக்குறைவாக இரண்டையும் பக்கத்தில் வைக்கவில்லை. சில வாக்குவாதங்களில் நுழைந்தால் நீயும் அவனைப்போல் ஆகிவிடுவாய். சிலவற்றில் பேசாமல் இருந்தால் அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான். இன்று உன் முன்னால் இருப்பது எது என்று நீதான் பார்க்க வேண்டும்.

பொதுவான வழக்கம் உடைந்துபோகும் இடங்களுக்காகத்தான் யோபுவும் பிரசங்கியும் அதே வேதாகமத்தில் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஞானம் படித்தவர்களுக்கும் போதகர்களுக்கும் மட்டுமா?

நிச்சயமாக இல்லை. தேவஆவியினால் ஞானம் நிரப்பப்பட்டவர் என்று யாத்திராகமம் 31 அறிமுகப்படுத்தும் பெசலெயேல் பொன், வெள்ளி, வெண்கலம், மரம், இரத்தினம் ஆகியவற்றில் வேலை செய்யும் கைவினைஞர். அப்போஸ்தலர் 6-ல் விதவைகளின் அன்றாட விசாரிப்பில் பாரபட்சம் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, பந்தி விசாரிப்பதற்குப் பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தேடினார்கள். உணவுப் பங்கீட்டுக்கு இவ்வளவு தகுதியா என்று கேட்டால், ஆம், எங்கே யாராவது விட்டுப்போகக்கூடுமோ அங்கேதான் ஞானம் அதிகம் தேவைப்படுகிறது.

உலக ஞானம் பைத்தியம் என்று பவுல் சொல்கிறாரே? அப்படியானால் கல்வி எதற்கு?

பவுல் கல்வியைத் தாக்கவில்லை. கொரிந்து சபையில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று கட்சி பிரிந்து, பேச்சுத்திறமையை அளவுகோலாக வைத்து ஊழியர்களை மதிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமைக்கு முன்னால் அவர் சிலுவையை நிறுத்துகிறார். உலகம் வெற்றி என்று எண்ணுகிற எதுவும் இல்லாத ஒரு மரணத்தில் தேவன் தம்முடைய ஞானத்தை வெளிப்படுத்தினார் என்றால், நம்முடைய அளவுகோல்கள் எவ்வளவு கோணலானவை!

மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் தேர்ச்சி பெற்றதை, முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் குறையாகச் சொல்லவில்லை. ஆதித் திருச்சபையின் பெரிய போதகர் அகஸ்டின் பத்தொன்பதாவது வயதில் ரோமப் பேச்சாளர் சிசரோவின் நூல் ஒன்றைப் படித்துத்தான் ஞானத்தின்மேல் தீராத தாகம் கொண்டார். கிறிஸ்துவை அறியாத ஒருவருடைய எழுத்து அவரை நீண்ட பாதையில் கிறிஸ்துவை நோக்கித் திருப்பியது. கல்வியைக் கொண்டு பிறரைச் சிறுமைப்படுத்தும் இடத்தில்தான் அது பைத்தியமாகிறது. “அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்” என்பதும் அதே நிருபத்தில்தான் இருக்கிறது.

தேவன் என்னை நேரடியாக நடத்துவார். பிறரிடம் ஆலோசனை கேட்பது விசுவாசக் குறைவல்லவா?

1 சாமுவேல் 25-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தாவீதின் ஆட்கள் நாபால் என்ற செல்வந்தனின் மேய்ப்பருக்குப் பாதுகாப்பாக இருந்தார்கள். ஆடுகளுக்கு மயிர்கத்தரிக்கும் விருந்து நாளில் உணவு கேட்டு ஆள் அனுப்பியபோது நாபால் அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினான். தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு, அந்த வீட்டு ஆண்களில் ஒருவரையும் உயிரோடு விடுவதில்லை என்று ஆணையிட்டுப் புறப்பட்டார். அபிஷேகம் பண்ணப்பட்டவர், சங்கீதக்காரர், முந்தின அதிகாரத்தில் சவுலைக் கொல்லாமல் விட்டவர். அவருக்கே இப்படி.

நாபாலின் மனைவி அபிகாயில் செய்தி கேட்டவுடன் இருநூறு அப்பங்களையும் திராட்சரசத்தையும் சமைத்த ஐந்து ஆடுகளையும் வறுத்த தானியத்தையும் வற்றலான பழங்களையும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு எதிரே போனாள். தாவீதின் முன் விழுந்து அவள் சொன்னதன் சாரம் இது: கர்த்தர் உம்மை ராஜாவாக்கும் நாளில், வீணாக இரத்தம் சிந்திய துக்கம் உம்முடைய மனதை உறுத்த வேண்டாம். கோபத்தில் இருந்தவரின் கண்ணுக்குத் தெரியாமல் போன நாளைய தினத்தை அவள் காட்டினாள். தாவீது நின்றார். கர்த்தர்தான் உன்னை அனுப்பினார் என்று சொல்லி, அவளையும் அவளுடைய யோசனையையும் ஆசீர்வதித்தார். தேவன் நேரடியாகத்தான் நடத்தினார்; அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் வாயினால் நடத்தினார்.

நாபாலைப் பற்றி அவனுடைய வேலைக்காரனே அபிகாயிலிடம் சொன்னது என்ன தெரியுமா? அவரோடு ஒருவரும் பேச முடியாது என்று. மூடன் யார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் வேதாகமத்தில் இல்லை என்பேன். உங்கள் வீட்டிலும் சபையிலும் உங்களிடம் “இது சரியில்லை” என்று பயமில்லாமல் சொல்லக்கூடியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெயரும் நினைவுக்கு வராவிட்டால் அவசரமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் அது.

ஒரு ஊழியர் “தேவன் எனக்கு வெளிப்படுத்தினார்” என்று என் திருமணத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ சொன்னால்?

சோதித்துப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் அப்படித்தானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறார். கேள்வி கேட்பதை அவிசுவாசம் என்று சொல்லி வாயை அடைக்கிறவரின் ஆலோசனையைக் கேட்டு எந்தக் கையெழுத்தும் போடாதீர்கள், எந்தத் தேதியும் குறிக்காதீர்கள்.

கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தின்படி முடிவெடுக்கலாமா?

வேண்டாம். தேவன் அப்படியும் பேசியதாகச் சாட்சி சொல்கிறவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் சிந்திக்கும் பொறுப்பிலிருந்து தப்பிக்க அது வழியாகிவிடுகிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசுவே சொன்னார்.

நிதானித்து அறிவதற்குத் திருச்சபையின் வரலாற்றில் நல்ல முன்னோடிகள் உண்டு. 1521-ல் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டுபட்டு கால் முறிந்த லொயோலா இக்னேசியஸ், படுக்கையில் கிடந்த மாதங்களில் இரண்டு வகைக் கனவுகளில் மிதந்தார். போர்வீரனாகப் புகழ் பெறுவதைப் பற்றிய கற்பனைகள் அந்த நேரத்தில் இனித்தன, பிறகு மனம் வறண்டது. கிறிஸ்துவையும் பரிசுத்தவான்களையும் பின்பற்றுவதைப் பற்றிய எண்ணங்களோ முடிந்த பிறகும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றன. எண்ணம் வரும்போது இருக்கும் இனிமையைவிட, அது போன பிறகு மனதில் எஞ்சுவதைக் கவனிக்க அவர் கற்றுக்கொண்டார். பெரிய முடிவு ஒன்றின் முன்னால் நிற்பவர்கள், வேதத்துக்கும் நல்ல ஆலோசனைக்கும் உட்பட்டு, சில வாரங்கள் இதைச் செய்துபார்க்கலாம்.

சீராக், சாலொமோனின் ஞானம் ஆகிய நூல்களை வாசிக்கலாமா?

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளின் வேதாகமத்தில் அவை இடம்பெறுகின்றன. சீர்திருத்த சபைகள் அவற்றைத் திருமறை நூல்களாக ஏற்பதில்லை. ஆனாலும் மார்ட்டின் லூத்தர் தம்முடைய 1534-ஆம் ஆண்டு ஜெர்மன் வேதாகமத்தில் இவற்றைத் தனிப்பகுதியாக வைத்து, வாசிப்பதற்கு நல்லவை என்றே குறிப்பிட்டார். நட்பையும் நாவடக்கத்தையும் பற்றி சீராக் சொல்வது எந்தச் சபையினருக்கும் பயன்படும்.

இயேசுவுக்கும் ஞானத்துக்கும் என்ன தொடர்பு?

ஞானம், அறிவு என்பவைகளாகிய பொக்கிஷங்களெல்லாம் அவருக்குள் அடங்கியிருக்கிறது என்கிறது கொலோசெயர் 2:3. கான்ஸ்டான்டிநோபிளில் 537-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய தேவாலயம் ‘பரிசுத்த ஞானம்’ என்ற பெயரைத் தாங்கியதும் கிறிஸ்துவை மனதில் வைத்துத்தான்.

ஆனால் நான் அதிகம் திரும்பிப் போகும் பகுதி லூக்கா 2. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்கிறார், அவர்களை வினவுகிறார். பிறகு நாசரேத்துக்குப் போய்ப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். அடுத்த வரியில் அவர் ஞானத்தில் விருத்தியடைந்தார் என்று எழுதியிருக்கிறது. தேவகுமாரனே கேட்டும் கீழ்ப்படிந்தும் ஞானத்தில் வளர்ந்தார் என்றால், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நிலைக்கு நம்மில் யாரும் வந்துவிட முடியாது.

ஞானம் வந்தால் மன அமைதி வந்துவிடுமா? எனக்கு வலிதான் அதிகமாகிறது.

“அதிக ஞானத்திலே அதிக சலிப்புண்டு, அறிவுபெருத்தவன் நோவுபெருத்தவன்” என்று பிரசங்கி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். முன்பு கண்ணில் படாத அநியாயம் இப்போது படுகிறது. முன்பு சிரித்துவிட்டுப் போன பேச்சு இப்போது குத்துகிறது. நீங்கள் வழிதவறிப் போனதற்கு அது அடையாளமல்ல. எருசலேமைப் பார்த்து இயேசுவும் அழுதார்.

என்னில் இருப்பது பரத்திலிருந்து வந்த ஞானமா என்று எப்படித் தெரியும்?

யாக்கோபு 3:17-ஐக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தால் நிறைந்தது, பட்சபாதமும் மாயமும் இல்லாதது. இந்தப் பட்டியலில் கூர்மை, திறமை, எதிர்காலத்தைச் சொல்லும் ஆற்றல் எதுவும் இல்லை. ‘இணக்கம்’ என்ற இடத்தில் சற்று நில்லுங்கள். வாதத்தில் எப்போதும் ஜெயிக்கிறவர், ஒருமுறையும் “நீங்கள் சொல்வதுதான் சரி” என்று சொல்லாதவர், வசனத்தோடு பேசினாலும் அங்கே பரத்தின் ஞானம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையின் முடிவை நம்மைவிட நம்மோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் நாளுக்கு ஒன்றாக மாதம் முழுவதும் வாசிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. என்னைக் கேட்டால், முதல் ஒன்பது அதிகாரங்களை மட்டும் அப்படித் தொடர்ச்சியாக வாசியுங்கள். அவை ஒரு தகப்பனின் நீண்ட பேச்சு. பத்தாம் அதிகாரத்திலிருந்து வருபவை தனித்தனி வாக்கியங்கள். அவற்றை வேகமாக வாசித்தால் ஒன்றும் தங்காது. ஒரு வசனத்தை எடுத்து ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்துக்கு 18:13-ஐப் பரிந்துரைப்பேன்: “காரியத்தைக் கேட்குமுன் உத்தரவு சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்.” அந்த வாரம் முழுவதும், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பதில் சொல்லாமல் இருந்து பாருங்கள். குறிப்பாகப் பிள்ளைகளிடமும், ஏற்கெனவே பலமுறை சொன்னதையே சொல்லும் முதியவர்களிடமும். கூடவே லூக்கா சுவிசேஷத்தையும் வாசித்து, இயேசு யாரிடம் கேள்வி கேட்கிறார், யாரிடம் மௌனமாக இருக்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏரோதின் முன்னால் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை 23-ஆம் அதிகாரத்தில் பார்ப்பீர்கள்.